கப்பலுக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

1870 செப்டம்பர் 6-ம் தேதி இரவு. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஃபினிஸ்டர் முனைக்கு அருகே பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் சில புயலில் மாட்டிக்கொண்டன. விடிந்ததும் எண்ணிப் பார்த்தால் ஒரு கப்பலைக் காணோம்! அதன் பெயர் 'கேப்டன்'. அந்த ஆண்டுதான் சேவைக்கு வந்த புத்தம் புதிய இரும்புக் கப்பல். நள்ளிரவுக்குப் பின் அது கவிழ்ந்து மூழ்கியதில் ஏறத்தாழ 480 பேர் இறந்துபோனார்கள். பிழைத்தவர்கள் 20 பேர்கூட இல்லை. இறந்தவர்களில் ஒருவர் கவுப்பர் கோல்ஸ். அந்தக் கப்பல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பல வருடங்கள் போராடி அதைக் கட்ட வைத்தவரே அவர்தான்.

எதிரி யாரும் சுடவில்லை. பாறையில் மோதவும் இல்லை. அதே புயலில் இருந்த மற்ற கப்பல்கள் தப்பித்துவிட்டன. 'கேப்டன்' மட்டும் ஏன் கவிழ்ந்தது?

பதில் ஒரு கணக்கில் இருக்கிறது. திட்டப்படி அதன் மேல்தளம் நீர்மட்டத்துக்கு மேலே 8 அடி உயரத்தில் இருந்திருக்க வேண்டும். கட்டி முடித்து மிதக்க விட்டபோது அந்த உயரம் ஏறத்தாழ ஆறரை அடிதான். காரணம், கப்பல் திட்டமிட்டதைவிட 700 டன்னுக்கும் மேல் கனத்துவிட்டது. கட்டும்போது உள்ளே போன ஒவ்வொரு பொருளின் எடையையும் யாரும் கறாராகக் கணக்கு வைக்கவில்லை. அதன் மேல் உயரமான பாய்மரங்கள் வேறு! கூடவே பயணம் செய்த 'மோனார்க்' என்ற கப்பல் 40 டிகிரி வரை சாய்ந்தாலும் அதன் நிமிரும் வலு கூடிக்கொண்டே போகும். 'கேப்டன்' கப்பலுக்கோ அந்த வலு 21 டிகிரியிலேயே உச்சத்தைத் தொட்டு, அதற்கு மேல் குறைய ஆரம்பித்துவிடும்.

இந்த எண்கள் எல்லாம் இன்று நமக்கு எப்படித் தெரிகின்றன? போர்க்கப்பல் வடிவமைப்பைப் பற்றிய தடித்தடியான தொழில்நுட்ப நூல்களிலிருந்துதான். பார்த்தால் பீரங்கி மோகம் கொண்டவர்களுக்காக எழுதியது போலத் தோன்றும். பக்கம் பக்கமாக அட்டவணைகள், குறுக்குவெட்டுப் படங்கள், எடைப் பட்டியல்கள். ஆனால் உண்மையில் அவை கணக்குப் புத்தகங்கள். இன்னும் சரியாகச் சொன்னால், பல பத்தாண்டுகள் கழித்துச் செய்யப்பட்ட தணிக்கை அறிக்கைகள்!

விரலுக்கேத்த வீக்கம்

ஒரு கப்பல் எவ்வளவு எடையுள்ள நீரைத் தள்ளுகிறதோ அதுவே அந்தக் கப்பலின் எடை. பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ் விதிதான். ஆகவே கப்பலின் உடல் வடிவமும் அது எவ்வளவு ஆழம் அமிழலாம் என்பதும் முடிவானதுமே மொத்த எடையும் முடிவாகிவிடுகிறது. அதற்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும். உடற்கூடு, கவசம், பீரங்கிகள், குண்டுகள், எந்திரம், எரிபொருள், ஆட்கள், அவர்களுக்குச் சோறு, தண்ணீர் வரை.

மாதச் சம்பளக் குடும்பம் மாதிரிதான் இது. வாடகைக்கு அதிகம் கொடுத்தால் மளிகையில் கை வைக்க வேண்டும். கவசத்தை ஓர் அங்குலம் கூட்டினால் வேகத்திலோ பீரங்கியிலோ எரிபொருளிலோ குறைக்க வேண்டும். எதையும் குறைக்க மனமில்லை என்றால் கப்பலையே பெரிதாக்க வேண்டும். கப்பல் பெரிதானால் மூட வேண்டிய பரப்பு கூடும், கவசம் இன்னும் அதிகம் தேவைப்படும். அதே வேகத்துக்கு எந்திரமும் பெரிதாக வேண்டும். இப்படியே போனால் முடிவே இல்லை.

எடை எவ்வளவு என்பது மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அடியில் வைத்த ஒரு டன் கப்பலை நிமிர்த்தி வைக்கும். உச்சியில் வைத்த ஒரு டன் அதைச் சாய்க்கப் பார்க்கும். 'கேப்டன்' செத்தது இதனால்தான்.

ஊருக்குச் சொன்ன கணக்கு

போர்க்கப்பல்களைப் பட்டியல் போட்ட நூல்களில் மிகப் புகழ்பெற்றது ஃப்ரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் 1898-ல் தொடங்கிய ஆண்டு மலர். பின்னாளில் அது 'ஜேன்ஸ் ஃபைட்டிங் ஷிப்ஸ்' என்று பெயர் பெற்றது. தொலைவில் தெரியும் கப்பல் எந்த நாட்டுடையது, அதில் எத்தனை பீரங்கி, எவ்வளவு வேகம் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடும். கப்பல்களின் நிழலுருவப் படங்கள்கூட உண்டு.

ஆனால் இதில் ஒரு சிக்கல். எந்த அரசாங்கமும் தன் கப்பலைப் பற்றி முழு உண்மையை வெளியே சொல்லாது. சொன்னதைத்தான் ஆண்டு மலர் அச்சிட முடியும். ஒரு கம்பெனி தானே அச்சிட்டுக் கொடுத்த விளம்பரத்தை வைத்து அதன் லாபநட்டத்தைக் கணிப்பது போல!

1922-ல் கையெழுத்தான வாஷிங்டன் ஒப்பந்தம் இந்தச் சிக்கலை இன்னும் பெரிதாக்கியது. புதிய போர்க்கப்பல் 35,000 டன்னைத் தாண்டக் கூடாது, பீரங்கி வாய் 16 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று பெரிய நாடுகள் ஒப்புக்கொண்டன. எதை 'டன்' கணக்கில் சேர்ப்பது என்பதற்கும் ஒரு வரையறை எழுதினார்கள். ஆட்கள், குண்டுகள், உணவு, குடிநீர் எல்லாம் சேர்த்தி. எரிபொருளும் கொதிகலனுக்கான இருப்புத் தண்ணீரும் சேர்த்தி இல்லை. செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசிக்கும் எந்தக் கணக்காளருக்கும் இது நன்றாகப் புரியும்.

பிரிட்டன் இந்த வரம்பை வைத்துக் கட்டிய 'நெல்சன்', 'ராட்னி' இரண்டும் பார்க்க விசித்திரமானவை. ஒன்பது பெரிய பீரங்கிகளும் முன்பக்கமே! பின்பக்கம் ஒன்றுகூட இல்லை. பலர் கேலி செய்தார்கள். ஆனால் காரணம் எளிது. பீரங்கிகளை ஒரே இடத்தில் குவித்தால் கவசம் போட வேண்டிய நீளம் குறையும், அதனால் கவசத்தைத் தடிமனாகப் போடலாம். கடைசியில் இரண்டும் 35,000 டன்னுக்குக் குறைவாகவே வந்தன. வேகம் மட்டும் 23 நாட் அளவில் நின்றுவிட்டது.

மற்ற சிலர் அவ்வளவு நேர்மையாக இல்லை. 1930-களில் இத்தாலியின் 'லிட்டோரியோ', ஜெர்மனியின் 'பிஸ்மார்க்' இரண்டையும் 35,000 டன் என்றுதான் வெளியில் சொன்னார்கள். உண்மையில் இரண்டும் 40,000 டன்னைத் தாண்டியவை. அந்தக் கால நூல்களில் 35,000 என்றே அச்சாகியிருக்கும். எழுதியவர்கள் மீது தப்பில்லை, அவர்களுக்குக் கிடைத்தது பொய்க்கணக்கு.

கோப்புகள் திறந்தபோது

ஜேன் மலரின் ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவர் ஆஸ்கர் பார்க்ஸ். இவர் கப்பல் பொறியாளர் அல்ல, கடற்படை மருத்துவர்! பல வருட உழைப்புக்குப் பின் 1957-ல் 'பிரிட்டிஷ் பேட்டில்ஷிப்ஸ்' என்ற மாபெரும் நூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். 1860-ன் 'வாரியர்' தொடங்கி கடைசிப் போர்க்கப்பலான 'வேன்கார்ட்' வரை ஒவ்வொரு வகையும் ஏன் அப்படிப் பிறந்தது என்று விளக்கிய நூல் அது. கப்பலின் அளவுகளைச் சொல்வதோடு நிற்காமல், யார் என்ன கேட்டார்கள், யார் மறுத்தார்கள் என்றும் சொன்னது.

பத்து வருடம் கழித்து ஒரு பெரிய மாற்றம் நடந்தது. பிரிட்டனில் அரசு ஆவணங்களை 50 வருடம் மூடி வைக்கலாம் என்று இருந்த விதி, 1967-ல் 30 வருடமாகக் குறைந்தது. இரண்டாம் உலகப் போர் வரையிலான கோப்புகள் 1970-களில் ஆராய்ச்சியாளர்கள் கைக்கு வந்தன. பிரிட்டிஷ் கடற்படையில் ஒவ்வொரு கப்பல் வகைக்கும் ஒரு தனிக் கோப்பு வைப்பது வழக்கம். முதல் கடிதம், நிராகரித்த வரைபடங்கள், எடைக் கணக்குகள், அதிகாரிகளின் ஆட்சேபங்கள் எல்லாம் அதில் இருக்கும். இன்று அவை கிரீனிச்சில் இருக்கும் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் வசம் உள்ளன.

இப்படிப்பட்ட ஆவணங்களில் மூழ்கி எழுந்தவர்கள்தான் அடுத்த தலைமுறை எழுத்தாளர்கள். ஆலன் ரேவனும் ஜான் ராபர்ட்ஸும் 1976-ல் இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைப் பற்றி எழுதினார்கள். டி.கே. பிரவுன் தானே கடற்படையில் கப்பல் வடிவமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'கேப்டன்' கப்பலின் சாய்வுக் கணக்கைச் சாதாரண வாசகனுக்கும் புரியும்படி விளக்கியவர். அமெரிக்காவில் நார்மன் ஃபிரீட்மன் 1985-ல் அமெரிக்கப் போர்க்கப்பல்களின் வடிவமைப்பு வரலாற்றை எழுதினார். கட்டிய கப்பல்களோடு கட்டாத கப்பல்களும் அதில் உண்டு. 1916-ல் டில்மன் என்ற செனட்டர் 'உச்சபட்சம் எவ்வளவு பெரிய கப்பல் கட்ட முடியும், அதைச் சொல்லுங்கள்' என்று கேட்க, கடற்படை 80,000 டன் வரை வரைந்து காட்டியது! அகலத்துக்கு மட்டும் ஒரு எல்லை இருந்தது. பனாமா கால்வாயின் மதகுகள் 110 அடி அகலம், அதற்குள் நுழைய வேண்டுமே.

ஒன்றே முக்கால் அடி

கோப்புகள் இல்லாவிட்டால் வெளியே தெரியவே வந்திருக்காத ஒரு கதை 'அயோவா' வகைக் கப்பல்களுடையது.

1938-ல் அமெரிக்கக் கடற்படை 45,000 டன் கப்பல் ஒன்றைத் திட்டமிட்டது. 1922 ஒப்பந்தத்தால் கைவிட்ட கப்பல்களுக்காகச் செய்த 16 அங்குலப் பீரங்கிகள் கிடங்கில் சும்மா கிடந்தன. அவற்றையே பயன்படுத்தினால் மிச்சம்தானே என்று நினைத்தார்கள். பீரங்கிக் கோபுரத்தை வரைவது ஓர் அலுவலகம், கப்பலின் உடலை வரைவது இன்னோர் அலுவலகம். கோபுரம் உட்காரும் கவச வளையத்தின் விட்டம் 39 அடி வேண்டும் என்ற கணக்கில் பீரங்கி அலுவலகம் வரைந்தது. கப்பல் அலுவலகமோ 37 அடி 3 அங்குலத்துக்கு வரைந்து வைத்திருந்தது. அந்த ஆண்டு நவம்பரில்தான் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது என்று தெரிந்தது!

வித்தியாசம் ஒன்றே முக்கால் அடி. ஆனால் வளையத்தைப் பெரிதாக்கினால் அதன் கவசம் கனக்கும், கப்பலின் அமைப்பே மாறும், எடை வரம்பும் உடையும். நல்லவேளையாக, எடை குறைந்த புதிய பீரங்கி ஒன்றைச் சிறிய வளையத்துக்குள் அடங்கும்படி செய்ய முடியும் என்று தெரிய வந்தது. கப்பல் தப்பித்தது. அந்த வகையில் கட்டிய நான்கு கப்பல்களும் இன்று அருங்காட்சியகங்கள். அவற்றின் பீரங்கிகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும்?

'ஹூட்' ஏன் மூழ்கியது?

எல்லாக் கணக்கும் நல்லவிதமாக முடியவில்லை. 1941 மே 24-ம் தேதி காலை ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே பிரிட்டனின் பெருமைக்குரிய 'ஹூட்', 'பிஸ்மார்க்' கப்பலின் குண்டுபட்டு வெடித்தது. கப்பலில் இருந்த 1,418 பேரில் உயிர் பிழைத்தவர்கள் 3 பேர்!

பல வருடங்களாகச் சொல்லி வந்த விளக்கம் ஒன்று உண்டு. 'ஹூட்' வேகத்துக்காகக் கவசத்தைத் தியாகம் செய்த கப்பல், அதன் மெல்லிய மேல்தளத்தில் குண்டு செங்குத்தாக விழுந்து துளைத்துவிட்டது என்பது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் கணக்குப் புத்தகம் வேறு மாதிரி பேசுகிறது.

'ஹூட்' திட்டமிடப்பட்டது 1916-ல். அந்த ஆண்டு மே 31-ம் தேதி ஜட்லாண்ட் கடற்போரில் மூன்று பிரிட்டிஷ் கப்பல்கள் வெடித்துச் சிதறி 3,300 பேருக்கு மேல் இறந்தார்கள். உடனே 'ஹூட்' திட்டத்தைத் திருத்தி, ஏறத்தாழ 5,000 டன் எடையைக் கூட்டினார்கள், பெரும்பாலும் கவசம். இதனால் பக்கவாட்டுக் கவசம் 12 அங்குலம் ஆனது. கப்பல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கவசம்தான். 1920-ல் அது பாதுகாப்பில் எந்தப் போர்க்கப்பலுக்கும் இளைத்ததல்ல.

ஆனால் 5,000 டன்னுக்கும் விலை உண்டே. கப்பல் திட்டமிட்டதைவிட ஆழமாக அமிழ்ந்தது, வேகமாகப் போனால் பின்தளத்தில் அலை புரண்டது. மேல்தளக் கவசமும் ஒரே தடித்த தகடாக இல்லாமல் பல மெல்லிய அடுக்குகளாகவே அமைந்தது. இனி மேலே எடை ஏற்ற இடமில்லை. முழுச் சீரமைப்பு செய்யத் திட்டம் இருந்தது, அதற்குள் போர் முந்திக்கொண்டது.

குண்டு எப்படி உள்ளே போனது? 1987-ல் வில்லியம் ஜூரன்ஸ் என்பவர் தூரம், குண்டின் வேகம், அது விழும் கோணம், கப்பல் திரும்பியிருந்த திசை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். அந்தத் தூரத்தில் குண்டு செங்குத்தாக விழவே முடியாது, தட்டையாகத்தான் வந்திருக்கும் என்றது அவரது கணக்கு. பின்பக்க வெடிமருந்து அறைகள் வெடித்தது உறுதி, குண்டு எந்த வழியாகப் போனது என்பதைத்தான் அடித்துச் சொல்ல முடியாது. 2001-ல் கடலடியில் சிதைவைக் கண்டுபிடித்தபோதும் பின்பகுதி சின்னாபின்னமாகிக் கிடந்ததுதான் தெரிந்தது.

1,415 பேர் சாவுக்கு 'வடிவமைப்பாளர்கள் முட்டாள்கள்' என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதுவது சுலபம். கோப்பைப் படித்தால் அது முடியாது. அவர்கள் 1916-ல் தெரிந்ததை வைத்து, கையில் இருந்த எடைக்குள், செய்யக்கூடியதைச் செய்தவர்கள். குண்டு வந்தது 25 வருடம் கழித்து.

எரித்த கணக்கு

கோப்பே இல்லாமல் போனால் என்ன ஆகும்? அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. உலகிலேயே மிகப் பெரிய போர்க்கப்பல்களான ஜப்பானின் 'யமாட்டோ', 'முசாஷி'.

இவற்றைக் கட்டியபோது ஜப்பான் காத்த ரகசியம் அசாத்தியமானது. நாகசாகியில் 'முசாஷி' கட்டிய இடத்தைச் சுற்றிப் பிரம்மாண்டமான கயிற்றுத் திரைகளைத் தொங்கவிட்டார்கள். பீரங்கியின் வாய் 46 சென்டிமீட்டர், ஆனால் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே '40 சென்டிமீட்டர்' என்று எழுதினார்கள். சொந்த ஆவணத்திலேயே பொய்! முழுச் சுமையில் கப்பல் 70,000 டன்னைத் தாண்டியது. 1944 அக்டோபர் 24-ல் 'முசாஷி', 1945 ஏப்ரல் 7-ல் 'யமாட்டோ', இரண்டுமே விமானத் தாக்குதலில் மூழ்கின. 'யமாட்டோ'வோடு மட்டும் ஏறத்தாழ 3,000 பேர் போனார்கள். அந்த ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது வரைபடங்களையும் கோப்புகளையும் எரித்துவிட்டார்கள்.

பிறகு வந்த அமெரிக்கத் தொழில்நுட்பக் குழு, உயிரோடு இருந்த வடிவமைப்பாளர்களைத் தேடிப் பிடித்து விசாரித்து, அவர்கள் நினைவிலிருந்து சொன்னதை எழுதி வைத்தது. அதையும் தப்பிப் பிழைத்த காகிதங்களையும் ஒட்டுப்போட்டுத்தான் கார்ஸ்கி, டல்லின் போன்றவர்கள் 1985-ல் எழுதினார்கள். அப்படித் தெரிய வந்த ஒன்று, பக்கவாட்டுக் கவசத்தின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் சேரும் மூட்டு பலவீனமானது என்பது. 1943 டிசம்பர் 25-ல் ஓர் அமெரிக்க நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டபோது அந்த இடம் கொடுத்துவிட்டது, கிட்டத்தட்ட 3,000 டன் தண்ணீர் உள்ளே வந்தது. 410 மில்லிமீட்டர் கவசம் இருந்து என்ன பயன், மூட்டு சரியில்லை என்றால்?

இந்தக் கப்பல்களுக்கு ஆலோசகராக இருந்த ஹிராகா யுசுருவின் காகிதங்கள் தப்பித்தன. டோக்கியோ பல்கலைக்கழகம் அவற்றை இன்று இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ரகசியம் என்று மறைத்ததை இப்போது யாரும் வீட்டிலிருந்தே படிக்கலாம்!

சுவரில் எழுதிய தணிக்கை

போர்க்கப்பல்களின் காலம் முடிந்துவிட்டது. விமானமும் ஏவுகணையும் வந்தபின் யாரும் அவற்றைக் கட்டுவதில்லை. ஆனாலும் மாதிரிக் கப்பல் செய்பவர்கள், அருங்காட்சியகப் பொறியாளர்கள், கடலடிச் சிதைவுகளை ஆராய்பவர்கள் இன்றும் இந்த நூல்களைத் தேடி வாங்குகிறார்கள். பெரிய தீர்மானங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று பார்க்க விரும்பும் எவருக்கும் அவை உதவும். பீரங்கி வாயிலிருந்து புகை வருவதற்கு இருபது வருடம் முன்பே, ஏதோ ஓர் அலுவலக மேசையில், ஒரு கூட்டல் கழித்தலில் பலரது தலையெழுத்து முடிவாகியிருக்கிறது.

'கேப்டன்' கப்பலுக்கு ஒரு நினைவுச் சின்னம் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் இருக்கிறது. வழக்கமாக இப்படிப்பட்ட கல்வெட்டுகளில் வீரம், தியாகம் என்றுதான் இருக்கும். இதிலோ கடற்படை நீதிமன்றத்தின் முடிவும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பாராளுமன்றத்திலும் வெளியிலும் எழுந்த பொதுக் கருத்துக்கு இணங்கி, துறை நிபுணர்களின் கருத்துக்கு மாறாக இந்தக் கப்பல் கட்டப்பட்டது என்பது அதன் சாரம்.

அந்த விபத்துக்குப் பிறகு, சாய்ந்தால் எந்த அளவு வரை நிமிரும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது பிரிட்டிஷ் போர்க்கப்பல் வடிவமைப்பில் வழக்கமானது. 480 பேர் கொடுத்த விலையில் ஒரு கணக்கு ஒழுங்கானது.